செம்பூரில் தண்ணீர் அறுத்த மீன்கள்

மும்பைக்கு நான் போனது மீன் வெட்டுவதற்காக. உயிர் மீன் அல்ல. கல் மீன், பித்தளை மீன், கண்ணாடி மீன்.

கிள்ளானில் தரை அலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில். துறைமுகத்தின் பக்கம் புதிதாகக் கடலுணவுக் கடை திறக்கவிருந்த ஒருவர், வாசலில் கால் வைத்ததும் ஒரு மீன் கூட்டத்தின் மேல் நடப்பதுபோல் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பச்சை மார்பிள், கருங்கல், பித்தளை, கண்ணாடி, சிப்பி என்று ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு பொருளில். இப்படி அறுத்துத் தரும் கடைகள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அந்தப் பச்சை மார்பிள் இந்தியக் கல். முழுப் பலகையைக் கப்பலில் வரவழைத்துப் பாதியைக் குப்பையில் போடுவதைவிட, அங்கேயே போய் அறுத்து மீனை மட்டும் கொண்டுவரலாம் என்று தோன்றியது. ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன்.

மாட்டுங்காவில் தங்கினேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ராஜலட்சுமி என்பவர் தன் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார். முதல் நாள் காலை ஃபில்டர் காபியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"சீக்கிரம் கெளம்பிடுங்கோ. இந்த ஊர் மழை சொல்லிண்டு வராது. வந்துடுத்துன்னா போகவும் போகாது."

கிள்ளானில் மழை சாயங்காலம் நான்கு மணிக்கு வரும், ஐந்து மணிக்குப் போய்விடும். இங்கே அது ஒரு வாரமாக நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தெருவின் மரங்கள் பகலிலும் கறுப்பாகத் தெரிந்தன. தெருமுனைக் கடையில் ரசவடை சாப்பிட்டேன். பக்கத்து மேசைக்காரர் யாரோடும் பேசாமல், மழையையே பார்த்தபடி நான்கு இட்லியைத் தின்று முடித்தார்.

குர்லாவில் வண்டி மாறி செம்பூர் போக வேண்டும். பெண்கள் பெட்டியில் ஒரு பெண் மடியில் பையை விரித்து அவரைக்காயை நார் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தவளிடம் இந்தியில் சொன்னாள்: "நேற்று சுனாபட்டி ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு மேலே தண்ணீர். ஒரு மணி நேரம் வண்டி நின்றது. தண்ணீர் ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை. அசையவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்." மற்றவள் உரிக்காத அவரைக்காயில் கொஞ்சம் எடுத்துத் தானும் உரிக்க ஆரம்பித்தாள்.

செம்பூரில் அந்தப் பட்டறை, ஒரு பழைய தொழிற்பேட்டைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. பட்டறையை இங்கே 'காலா' என்கிறார்கள். வாசலில் காத்திருந்தவர் காஜா மைதீன். நாற்பதைக் கடந்தவர், ஒல்லி. பதினாறு வருடமாக அந்த மிஷினை ஓட்டுகிறவர்.

"வாங்கக்கா. மலேசியாவுலேர்ந்து ஆளு வாராவன்னு சேட்டு சொன்னாரு. நான் ஆம்பளைன்னு நெனச்சிட்டேன்."

"ஏமாந்துட்டீங்களா?"

"சேச்சே. ஆம்பளைய வந்தா நமக்கே மிஷினு ஓட்டச் சொல்லிக் குடுப்பாவ. நீங்க பாத்துட்டு நில்லுங்க, போதும்."

ஒரு பெரிய இரும்புத் தொட்டி. அதில் சாம்பல் நிறத் தண்ணீர். தொட்டியின் மேல் குறுக்காக ஒரு கை, அதன் முனையில் பேனா மாதிரி ஒரு குழாய். அடுத்த அறையில் பம்ப். அங்கிருந்து விரல் தடிமன்கூட இல்லாத எஃகுக் குழாய் சுவரோரமாக வந்து அந்தப் பேனாவில் சேர்கிறது. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் அந்தக் குழாய்க்குள் இருக்கிறது என்றார் காஜா. பேனா முனையில் தண்ணீரோடு சிவப்பு மணல் சேரும். தலைமுடி மாதிரி ஒரு கோடு வெளியே வரும். கல்லை அறுப்பது அதுதான்.

மணலைக் கையில் அள்ளிக் காட்டினார். "எங்க திசையன்வெளை பக்கத்துக் கடக்கரை மண்ணுதான். சின்னதுல இதுமேல ஓடிப் புடிச்சு வெளையாடுவோம். கால்ல ஒரு கீறல் விழாது. இங்க பாத்தியளா, என்ன வேல செய்யுதுன்னு."

பச்சை மார்பிளைத் தொட்டிக்குள் இறக்கி, தண்ணீரை ஏற்றிக் கல்லை மூழ்கடித்தார். மேலே வைத்து அறுத்தால் காது கிழியும், தண்ணீருக்குள் என்றால் சத்தம் அடங்கிவிடும் என்றார். மிஷின் ஓடியது. நான் எட்டிப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. சாம்பல் தண்ணீரின் மேல்பரப்பு மட்டும் ஒரே இடத்தில் மெல்லத் துடித்து, அந்தத் துடிப்பு வளைந்து வளைந்து நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ உயிருள்ளது தரையோடு ஊர்ந்து போவதுபோல இருந்தது. கால் மணி நேரம் கழித்துத் தண்ணீரை வடித்தார். கல் முழுசாகவே கிடந்தது. கோடுகூட என் கண்ணுக்குப் படவில்லை. காஜா விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். கல்லுக்குள்ளிருந்து ஒரு மீன் நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

வாங்கிப் பார்த்தேன். ஓரம் சூடாக இருக்கும் என்று நினைத்தேன். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது.

இரண்டாம் நாள் மாஹிமில் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனேன். சாதாரணக் கண்ணாடி என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். காஜா ஓரத்தைத் தடவிப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"இது டஃபன் கிளாஸ் மாதிரி தெரியுதுக்கா. சூடு காட்டி இறுக்குனது. இத அறுக்க ஏலாது."

"கடைக்காரர் இல்லைன்னாரே. ஒரு பீஸ் போட்டுப் பார்ப்போம்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போட்டார். தண்ணீர் கண்ணாடியைத் தொட்டது. ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கண்ணாடி முழுவதும் பால்போல வெளுத்தது. அப்படியே நின்றது. நான் மூச்சு விட்டேனோ என்னவோ, மொத்தமும் கல்கண்டாக உதிர்ந்து தொட்டிக்குள் போய்விட்டது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்ததுபோல எனக்கு ஒரு பிரமை.

"சில சாமானு அப்படித்தான்," என்றார் காஜா. "கல்லு நேர்மையானது. எங்க தொட்டமோ அங்க மட்டும் அறுபடும். இது ஒரு எடத்துல தொட்டா உள்ளுக்குள்ள பூராம் போயிரும். வெளிய தெரியாது."

அன்று மாலை மீன்களுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் தகட்டை வெட்டும்போது மணலை நிறுத்திவிட்டார். ரப்பருக்கு வெறும் தண்ணீரே போதுமாம். பழைய செருப்பு ஒன்றைப் போட்டுக் காட்டினார். தெளிந்த குடிதண்ணீர், அதில் ஒன்றும் கலக்கவில்லை. செருப்பு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நான் அந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். வெட்டு மறைந்துவிட்டது.

இனி நடந்ததைச் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அதில் என் பங்கு இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை கருங்கல் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் அறுப்பு மந்தமாகிவிட்டது. எங்கேயோ லீக், பிரஷர் இறங்குகிறது என்றார் காஜா. பம்பை அணைத்து, குழாயிலிருக்கும் அழுத்தத்தை வடித்துத் தேட வேண்டும், மறுபடி ஏற்ற நேரமாகும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "இன்னைக்கே கருங்கல் எல்லாம் முடிஞ்சிட்டா நல்லா இருக்கும் காஜா," என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

அவர் பம்பை அணைக்கவில்லை. நீல ரப்பர் கையுறை போட்டிருந்த இடது கையால் சுவரோரக் குழாயைத் தடவிக்கொண்டே போனார். ஒரு இணைப்புக்குப் பக்கத்தில் கை சட்டென்று பின்வாங்கியது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. சுருக்குன்னுச்சு."

பம்பை அணைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். ஆள்காட்டி விரலின் உட்பக்கம், நுனியில் ஒரு புள்ளி. பேனாவால் வைத்ததுபோல. இரத்தம் இல்லை. "கொசுக்கடிகூட இதவிடப் பெருசா இருக்கும்," என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் பத்தரை மணி.

இணைப்புக்கு மாற்றுச் சாமான் தாராவியில் அவர் மச்சான் பட்டறையில் இருந்தது. "வாங்கக்கா, நம்ம வீட்டுல சோறு தின்னுட்டு வரலாம்," என்றார். சயான் வரை ஆட்டோ. அதற்கு மேல் ஆட்டோ போகக்கூடாதாம், ஊருக்குள் டாக்ஸிதான். நாங்கள் நடந்தோம். சந்துகளுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது. ஒரு வாசலில் சாயமேற்றிய தோல்கள் கொடியில் தொங்கின. மழை ஈரத்தில் அவை தோலாகத் தெரியவில்லை. யாரோ வரிசையாகத் தலை குனிந்து நிற்பதுபோலத் தெரிந்தது. காஜா பேசிக்கொண்டே முன்னால் போனார். இடது கையை அவ்வப்போது உதறிக்கொண்டார், எழுதிக் களைத்தவர்கள் உதறுவதுபோல.

மச்சான் பட்டறையில் சாமானை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஏணி ஏறிப் போகும் மாடி அறை. மனைவி ஜன்னத் தோல் பைகளுக்கு உள்துணி தைக்கிறவள். தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தாள். நெய்ச்சோறு, பருப்பு ஆணம், பொம்பில் மீன் வறுவல். எங்கள் ஊரில் இந்த மீனை நான் பார்த்ததில்லை. வறுக்குமுன் ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஒளி ஊடுருவுகிற மாதிரி ஒரு மீன், எலும்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"நல்லாத் தின்னுங்கக்கா. அவிய ஒங்களப் பத்தித்தான் ரெண்டு நாளாப் பேசுதாவ. கண்ணாடி ஒடஞ்சதக்கூடச் சொன்னாவ."

காஜா வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது. ஜன்னத் பானையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். அவர் இடது கையை நீட்டி வாங்கினார். டம்ளர் விரல்களுக்கு நடுவே வழுக்கிப் பாயில் விழுந்தது.

"பாத்துப் புடிக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புடிச்சேனே. புடிச்ச மாதிரிதான இருந்துச்சு."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

இருபது வருடத்துக்கு முன், ஷா ஆலமில் எண்ணெய் அழுத்தக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தேன். அங்கே சிவா என்று ஒருவர். ஒரு நாள் காலை குழாய் சோதிக்கும்போது உள்ளங்கையில் சுருக்கென்றது என்றார். ஒரு புள்ளி. கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டார், ஜோக் அடித்தார். மறுநாள் மருத்துவமனையில் அவருடைய முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

"கையைக் காட்டுங்க," என்றேன்.

ஆள்காட்டி விரல் வீங்கியிருந்தது. அதிகம் இல்லை. ஆனால் நிறம் மாறியிருந்தது, மெழுகு மாதிரி. ஜன்னத் பிடித்துப் பார்த்து, "என்னங்க, இப்படிக் குளுந்து கெடக்கு?" என்றாள். விரலை லேசாக அமுக்கினாள். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு சொட்டுத் தெளிந்த தண்ணீர் வந்து நின்றது. இரத்தம் கலக்காத சுத்தமான தண்ணீர். மூன்று பேரும் அந்தச் சொட்டையே பார்த்தோம். அது உருண்டு அவள் பாவாடையில் விழுந்தது.

"டாக்டர்கிட்டப் போகணும். இப்பவே," என்றேன்.

"வலிக்கவே இல்லக்கா. டென்ஷன் லேனே கா நை, டென்ஷன் ஆவாதிய."

"வலிக்காததுதான் பயமே."

சிவாவின் கதையைச் சொன்னேன். காஜாவின் முகம் இறுகியது. "அது எண்ணெ. இது தண்ணி. தண்ணியில என்ன வந்துரும்?" என்றார். இரண்டாகக் கிடந்த செருப்பு என் கண்ணில் வந்து போனது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். தன் விரலைப் பார்த்தார்.

ஜன்னத் எழுந்து துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். "கெளம்புங்க."

சந்துமுனைக் கிளினிக்கில் இருந்த டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார். "சின்னக் குத்துதான், ஒரு டிடி ஊசியும் மாத்திரையும் போதும், நாளை மறுநாள் வாருங்கள்," என்றார். அவர்மேல் குற்றமில்லை. பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காஜா என்னை வெற்றியோடு பார்த்தார். "பாத்தியளா?"

நான் ராஜலட்சுமிக்கு போன் செய்தேன். முழுவதும் சொல்லி முடிக்குமுன் கேட்டார்: "கைக்குன்னு தனியா ஆபரேஷன் பண்ற டாக்டர் வேணும், அவ்வளவுதானே? வெச்சுடுங்கோ, விசாரிச்சுச் சொல்றேன்." நான்கு நிமிடத்தில் ஒரு மருத்துவமனையின் பெயரைச் சொன்னார். கூடவே, "டாக்ஸி கெடைச்சா ஏறிடுங்கோ, பேரம் பேசிண்டு நிக்காதேள்," என்றார்.

டாக்ஸி கிடைத்தது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி, முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாக அணைந்து நின்றன. எங்கள் ஓட்டுநரும் இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இனி இது இறங்கினால்தான் போகலாம்," என்றார் இந்தியில். எல்லா வண்டியும் அணைந்துபோனதால் திடீரென்று ஒரு அமைதி. அந்தச் சாம்பல் தண்ணீர் கதவின் பாதி உயரத்தில் அசையாமல் நின்றது.

இறங்கி நடந்தோம். இடுப்பளவு தண்ணீர். ஜன்னத் கணவனின் இடது கையைத் தன் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். கால் வைக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு மூடியில்லாத சாக்கடைக் குழியைச் சுற்றி யாரோ மரக்கிளை நட்டிருந்தார்கள். காஜா மெல்ல என் பக்கம் குனிந்தார்.

"அக்கா, ஓடுற பம்புல கைய வச்சேன்னு சேட்டுகிட்டச் சொல்லிராதிய. அதுதான் மொத ரூலு. பதினாறு வருசம் நான்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"நான்தானே அவசரப்படுத்தினேன்," என்றேன்.

அவர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்தார். "இப்பம் லேசாத் துடிக்குது," என்றார் சிறிது நேரம் கழித்து. "நெஞ்சு அடிக்கிற மாதிரி. ஆனா வெரலுக்குள்ள."

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது நான்கு மணி. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் காஜா சொன்னார்: "ஆணி குத்திருச்சு."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். எங்களுக்கு முன்னால் இருபது பேர் பெஞ்சில் இருந்தார்கள். ஆணி என்றால் நாங்கள் இருபத்தோராவது. ஜன்னத் கணவனையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆணி இல்லை டாக்டர்," என்றேன் ஆங்கிலத்தில். "உயர் அழுத்தத் தண்ணீர். கல் அறுக்கும் மிஷின். காலை பத்தரை மணிக்கு. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது."

காஜா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. மூன்று நாளாக என்னை அக்கா என்று அழைத்த மனிதர் அந்தக் கணத்தில் என்னை வெறுத்தார்.

டாக்டரின் பேனா நின்றது. எழுந்து போய் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். கை அறுவை நிபுணர், ஐம்பது வயதிருக்கும் மராத்திக்காரர். அவர் புள்ளியைப் பார்க்கவே இல்லை. நேராக முன்கையை இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டுக்கு மேலே மெல்ல அமுக்கிக்கொண்டே போனார். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் நொறநொறவென்றது, பொரியை அமுக்குவதுபோல.

"அழுத்தம் எவ்வளவு?" என்று இந்தியில் கேட்டார். அவர் கேட்டது என்னையோ ஜன்னத்தையோ அல்ல, காஜாவை. எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

காஜா தரையைப் பார்த்தார். ஜன்னத் கணவனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூவாயிரத்து ஐநூறு பார் பிரஷர்," என்றார் காஜா. "பம்ப் ஓடுச்சு. நான்தான் கைய வச்சேன்."

அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் வந்தது. பெஞ்சில் இருந்த இருபது பேரும் ஒரு புள்ளிக்காக ஓடுகிற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜன்னத்தும் நானும் வராந்தாவில் உட்கார்ந்தோம். எங்கள் ஈரத் துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் இரண்டு கோடாக ஓடி ஒன்றாகச் சேர்ந்தது. நான் அவளிடம் கடிகாரத்தைப் பார்த்ததைச் சொன்னேன். அவசரப்படுத்தியதைச் சொன்னேன். அவள் துப்பட்டாவின் ஓரத்தைப் பிழிந்தாள்.

"எல்லாரும்தான் அவசரப்படுத்துதாவ," என்றாள். "நானுந்தான் சீக்கிரம் வாங்கன்னு காலையில சொன்னேன். நீங்க பொய் சொல்லாம இருந்தியள்லா, அது போதும்."

ஆறரை மணிக்கு நிபுணர் வெளியே வந்தார். கையில் ஒரு சின்ன எஃகுக் கிண்ணம். "எண்ணெயாக இருந்திருந்தால் இந்நேரம் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருப்போம். தண்ணீர் என்பதால் வாய்ப்பு இருக்கிறது. நாளை காலைவரை விட்டிருந்தால் அதுவும் இல்லை," என்றார். பிறகு கிண்ணத்தைக் காட்டினார். கடுகளவில் நீலத் துணுக்குகள். கையுறையின் ரப்பர். "விரல் நுனியில் நுழைந்தது. இதை நான் எடுத்தது இங்கிருந்து," என்று தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "நுழைந்த வழியில் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டே போயிருக்கிறது. வெளியே எதுவும் தெரியாது."

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் மருத்துவமனைக்கும் மாட்டுங்காவுக்குமாகப் போய் வந்தேன். காயத்தைத் தைக்கவில்லை, திறந்தே வைத்திருந்தார்கள். காஜா மயக்கம் தெளிந்த பிறகு என்னோடு பேசவில்லை. ஜன்னத்திடம் மட்டும் பேசினார். ராஜலட்சுமி ஒரு தூக்குச்சட்டியில் ரசஞ்சாதம் கொடுத்தனுப்பினார். "அவாத்துல சாப்பிடுவாளோ மாட்டாளோ, நான் கேக்கலை. சூடா இருக்கு, குடுத்துடுங்கோ." காஜா அதைச் சாப்பிட்டார் என்று ஜன்னத் சொன்னாள்.

ஐந்தாம் நாள் முதலாளி வந்தார். குஜராத்திக்காரர், குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். காஜா எழுந்து உட்கார முயன்றார். தானே சொன்னார், யாரும் கேட்பதற்கு முன்பே. பம்பை அணைக்காமல் கையை வைத்ததை, ஒன்றையும் மறைக்காமல். முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். "குழாய் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டேன்," என்றார். "மாற்றி முடிக்கும்வரை மிஷின் ஓடாது. நீ வந்து பார்த்துச் சரி என்றால் ஓட்டுவோம்." பிறகு, "உன் இடம் உன்னுடையதுதான்," என்றார். வெளியே போகும்போது என் பக்கம் தலையை அசைத்தார். என் மீன்களில் அறுத்தவை அங்கேயே இருக்கட்டும், மீதியையும் அறுத்தபின் எல்லாம் சேர்ந்து கப்பலில் வரும் என்று ஏற்பாடாகியது.

அவர் போன பிறகு காஜா என்னைப் பார்த்தார்.

"அக்கா," என்றார். அவ்வளவுதான். நான் தலையாட்டினேன்.

ஏழாம் நாள் நான் ஊர் திரும்ப வேண்டும். காலையில் விடைபெறப் போனேன். கட்டு மாற்றும் நேரம். விரல் போகவில்லை. கறுத்து, மெலிந்து, ஆனால் அதன் இடத்தில் இருந்தது. நிபுணர் வந்து, "காஜா பாய், கண்ணை மூடுங்கள். ஊசியால் தொடுவேன். தெரிந்தால் சொல்லுங்கள்," என்றார்.

அவர் கண்ணை மூடினார். நிபுணர் கட்டைவிரலைத் தொட்டார்.

"தெரியுது."

சுண்டுவிரல். "தெரியுது." மோதிரவிரல், நடுவிரல். "தெரியுது. ஆங், இதுவும் தெரியுது." ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் மலர்ந்தது. ஜன்னத் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள்.

நிபுணர் ஆள்காட்டி விரலின் நுனியில் ஊசியை வைத்தார். அழுத்தினார். தோல் குழிந்தது. இன்னும் அழுத்தினார். ஊசி தோலுக்குள் நின்றது.

காஜா கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

"இன்னும் தொடலியே டாக்டர்?" என்றார் சிரித்துக்கொண்டே.

நிபுணர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா, இன்னும் தொடல," என்றாள் ஜன்னத். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

நிபுணர் ஊசியை எடுத்து, விரலின் நடுக்கணுவில் வைத்தார். அங்கும் ஒன்றுமில்லை. அடிக்கணுவுக்கு இறங்கினார்.

"ஆங்! இப்பம் தொட்டாவ! நல்லாத் தெரியுது!"

விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் சிவப்பாக எழும்பி நின்றது. அவர் கண் திறப்பதற்குள் ஜன்னத் தட்டிலிருந்த பஞ்சை எடுத்து அதை ஒற்றிவிட்டாள். தொட்டது அவருக்குத் தெரியவில்லை.